புத்தூர் வீடுகளுக்கு ஏற்ற ஓர்க்கிட் இனங்கள்

கண்டிப் பக்கம் சென்று திரும்புவோர் சிலர், பேராதனைப் பூங்காவிற் கண்ட அழகை எண்ணி, பூத்திருக்கும் ஓர்க்கிட் செடியொன்றைப் பெருவிலை கொடுத்து வாங்கி வருகின்றனர். பூ உதிர்ந்த சில மாதங்களிற் செடியும் பட்டுவிடுகின்றது. கைராசி இல்லையென்று வீட்டார் வருந்துவர். பெரும்பாலும் பிழை இனத்தைத் தெரிந்தெடுத்ததிலேயே உள்ளது. காலபோக நெல்லைச் சித்திரையில் விதைக்கும் கமக்காரர் எவருமில்லை. ஓர்க்கிட் வாங்கும்போதும் நிலம், நீர், காற்று ஆகியவற்றை அவ்வாறே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வீடுகளில் வளர்க்கப்படும் ஓர்க்கிட்டுகளிற் பெரும்பாலானவை காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் இனங்களின் வழிவந்தவை. இவை குருவிச்சையைப் போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. இவற்றின் வேர்களைப் பஞ்சு போன்ற வெண்ணிறத் தோல் மூடியிருக்கும். மழைநீரைக் கணப்பொழுதில் உறிஞ்சி, பின்னர் காற்றில் உலர்வது அவ்வேரின் இயல்பு. ஆகவே, நமது செம்மண் எவ்வளவு வளமானதாயினும் ஓர்க்கிட் சட்டிக்குள் அதனை இடலாகாது. கரித்துண்டு, உடைந்த ஓட்டுத்துண்டு, பொச்சுமட்டைத் துண்டு ஆகியவையே போதும். சட்டியின் பக்கங்களிலும் துளைகள் இருத்தல் நன்று.

இனி, புத்தூரின் இயல்பை நோக்குவோம். இங்கு இரவிலும் வெப்பம் பெரிதாகத் தணிவதில்லை. மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்து முடிந்துவிடுகின்றது. வைகாசி முதல் ஆவணி வரை சோளகக் காற்று ஓயாது வீசி இலையையும் வேரையும் உலர்த்துகின்றது. இவற்றினும் முக்கியமானது நீர். நமது கிணறுகள் சுண்ணாம்புக் கல்லின் மீது அமைந்தவை. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை யாவரும் அறிவர். கேத்தலின் உட்புறத்திற் படியும் வெண்படிவமே ஓர்க்கிட் வேரிலும் இலையிலும் படிகின்றது. வெங்காயம் தாங்கும் நீரை இவ்வேர் நெடுங்காலம் தாங்காது.

ஆதலால் மழைநீரைச் சேமித்தல் இன்றியமையாதது. 100 சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 235 லீற்றர் நீர் கிடைக்கும். பத்துச் சட்டிகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லீற்றர் போதுமாகையால், நல்ல மழை இரண்டு மூன்றின் நீர் கோடையின் பெரும்பகுதிக்கு உதவும். கூரையைக் கழுவி வரும் முதல் மழைநீரை விட்டுவிடுக. நுளம்பு பெருகாதபடி தொட்டியை மூடிவைத்தல் வேண்டும்.

இந்நிலைமைகளுக்கு மிகப் பொருத்தமானது டென்ட்ரோபியம். அதிலும் வெப்ப நாடுகளுக்கென உருவாக்கப்பட்ட, கரும்பு போல் நிமிர்ந்த தண்டுடைய கலப்பினங்களையே தெரிக. அத்தண்டு நீரையும் உணவையும் சேமித்து வைப்பதால், ஒரு நாள் நீர் தவறினும் செடி மடியாது. இலையுதிர்ந்த பழைய தண்டை உலர்ந்த குச்சியென எண்ணிப் பலர் வெட்டிவிடுகின்றனர். இது பெருந்தவறு. அத்தண்டு மீண்டும் பூக்கக்கூடும்; அதன் கணுவிலிருந்து சிறு செடியும் தோன்றும். தண்டு சுருங்கிக் காய்ந்த பின்னரே அகற்றுக. நிழல் பாதியளவாக இருத்தல் வேண்டும். கிடுகுகளை இடைவெளி விட்டுப் பரப்பிய பந்தலோ, பாதி ஒளியைத் தடுக்கும் நிழல்வலையோ தகுந்தது. மாமர நிழல் மிக அடர்ந்தது. முருங்கை நிழல் அளவானதாயினும் மயிர்க்கொட்டி விழும் காலத்தில் அதன் கீழ் நின்று நீர் ஊற்றுவது எளிதன்று. தென்மேற்கே கிடுகு வேலியொன்று சோளகத்தைத் தடுக்கும்.

நிழலே இல்லாத முற்றமுடையோருக்கு உருண்ட இலையுடைய வாண்டா ஏற்றது. 1893 இல் சிங்கப்பூரில் அக்னஸ் ஜோக்கிம் அம்மையாரின் பெயரால் அறியப்பட்டு, 1981 இல் அந்நாட்டின் தேசிய மலராகிய ஓர்க்கிட் இவ்வகையினதே. முழு வெயிலில் கம்பொன்றிற் கட்டி வளர்த்து, நுனி கம்பைத் தாண்டிய பின்னரே நன்கு பூக்கும். பட்டையிலை வாண்டாக்கள் வெறும் வேர்களுடன் தொங்குபவை. நீரைச் சேமிக்கும் தண்டு அவற்றுக்கு இல்லை. கோடையில் நாளுக்கு இருமுறை நீர் தெளிக்க ஆளில்லாத வீட்டார் அவற்றை வாங்காதிருத்தல் நன்று.

சிம்பிடியம் நுவரெலியாவுக்கு உரியது. குளிர்ந்த இரவுகள் இன்றேல் இலை மட்டுமே விடும். கடைகளில் மிகுதியாக விற்கப்படும் பலநோப்சிஸ் வெப்பத்தைத் தாங்குமாயினும் உலர்ந்த காற்றைத் தாங்காது. குருத்தில் நீர் தங்கினால் அழுகும். டென்ட்ரோபியத்தை இரண்டாண்டு வளர்த்தவர் அதனை முயன்று பார்க்கலாம். இலங்கைக்கே உரிய வெசாக் ஓர்க்கிட் ஈரவலயக் காட்டுச் செடி. அது சட்டத்தினாற் பாதுகாக்கப்பட்டது. இங்கு கொணர்ந்தாலும் பிழையாது. நமது உலர்வலயக் காடுகளிலும் வாண்டா இனங்கள் உண்டு. அவற்றையும் பிடுங்கலாகாது.

ஓர்க்கிட் விதை தூசு போன்றது. முளைக்கு வேண்டிய உணவு அதனுள் இல்லாமையால் வெங்காய விதை போல மேடையில் தூவி நாற்றெடுக்க இயலாது. ஆகவே மூன்று நான்கு தண்டுகளும் பச்சை நுனியுடைய உறுதியான வேர்களும் உள்ள வளர்ந்த செடியை வாங்குக. பூவைவிட வேரையே கவனித்துப் பார்த்தல் வேண்டும். நீரிற் கரையும் கலப்புப் பசளையை லீற்றருக்கு ஒரு கிராம் வீதம் வாரமொருமுறை தெளித்தாற் போதும். பாத்திக்கு யூரியா வீசிப் பழகிய கை இங்கு அடங்கவேண்டும். மிகுந்தால் வேர் நுனி கருகும். மிளகாய்ப் பாத்திக்கு அண்மையிற் சட்டிகளைத் தொங்கவிட்டால் பனிப்பூச்சி பூக்களுக்குப் பரவும்.

செடி வாங்குவதற்குப் புரட்டாதிக் கடைசி உகந்த காலம். சோளகம் அப்போது தணிந்திருக்கும். மழைநீரும் விரைவிற் கிடைக்கும். அடைமழை நாட்களில் மட்டும் சட்டிகளைத் தாழ்வாரத்தின் கீழ் மாற்றி வைக்க.