பாதை மட்டும் போதாது

பிரேசிலின் குரிச்சிபா நகரில் பல இடங்களில் பேருந்து நிறுத்தமே ஒரு கண்ணாடிக் குழாய்தான். வாசலிலேயே கட்டணத்தைக் கட்டிவிட்டு உள்ளே போய் நிற்க வேண்டும். குழாயின் தரையும் பேருந்தின் தரையும் ஒரே உயரம். வண்டி வந்து நின்றதும் கதவடியிலிருந்து ஒரு பலகை விழுந்து இடைவெளியை மூடுகிறது. எல்லாக் கதவுகளும் ஒருசேரத் திறக்கின்றன. சில்லறைத் தகராறு இல்லை, படியேறத் தடுமாறும் முதியவர் இல்லை. சற்று நேரத்தில் வண்டி கிளம்பிவிடுகிறது.

மெட்ரோ ரயிலுக்குப் பெரும்பணம் வேண்டும். அது குரிச்சிபாவிடம் இல்லை. கட்டடக் கலைஞரான மேயர் ஜெய்மி லெர்னர் காலத்தில், 1974-ல், தனித்தடப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. கண்ணாடிக் குழாய்கள் 1991-ல்தான் வந்தன. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது நிலத்தைப் பற்றிய முடிவு: அடுக்குமாடிகளை அந்தத் தடங்களை ஒட்டியே வளரவிட்டார்கள். ஆகவே, பேருந்து ஆட்களைத் தேடி ஊரெங்கும் சுற்ற வேண்டியிருக்கவில்லை.

கொலம்பியத் தலைநகர் பொகோட்டா இதைக் கூர்ந்து கற்றது. மேயர் என்ரிக்கே பெஞாலோசா 2000 டிசம்பரில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ பேருந்துத் திட்டத்தில், நிறுத்தங்களில் முந்திச் செல்ல இன்னொரு தடமும் உண்டு. நிற்கும் வண்டிக்குப் பின்னால் விரைவு வண்டி காத்துக் கிடக்காது. வாங்கிய பாடத்தைத் தன் ஊருக்கேற்ப வளர்த்தெடுப்பது என்றால் இதுதான்.

டெல்லியும் 2008-ல் அம்பேத்கர் நகர் – மூல்சந்த் சாலையில் பேருந்துக்கென நடுத்தடம் ஒதுக்கியது. பாதை வந்தது, அதை ஓடவைக்கும் ஏற்பாடுகள் வரவில்லை. எந்தப் பேருந்தும் உள்ளே நுழையலாம், பயணச்சீட்டு வண்டிக்குள்தான். சந்திப்புகளில் சிக்னலுக்கு நெடுநேரம் காத்திருந்த கார்க்காரர்களின் கோபம் வளர்ந்தது. 2016-ல் தடத்தையே இடித்தெடுத்தார்கள். அதில் தினமும் போய்வந்த பேருந்துப் பயணிகளின் குரல் அந்தக் கூச்சலில் எடுபடவே இல்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அகமதாபாத்தின் ஜன்மார்க் தனித்தடப் பேருந்துத் திட்டம் 2009 அக்டோபரில் தொடங்கியது. தனக்கென உள்ள பேருந்துகள், முன்கட்டணம், வண்டித் தரையோடு சமமான நடைமேடை என அடிப்படைகளை விடாமல் எடுத்துக்கொண்டது. அது இன்றும் ஓடுகிறது. ஆனால் நிறுத்தம் சாலை நடுவில் இருப்பதால், ஒவ்வொரு பயணியும் பாதிச் சாலையைக் கடந்தாக வேண்டும். கையில் குழந்தையோடு வரும் தாய்க்கு, வண்டிகள் சீறும் அந்தப் பாதிச் சாலைதான் பயணத்தின் கடினமான பகுதி.