தடுத்து உதவும் கை

வலிமை குன்றிய கையை உயர்த்த முயலும் நோயாளியைக் காணும்போது, அருகிருப்போர் அக்கையைத் தாமே பற்றி உயர்த்திவிடுதல் இயல்பு. அஃது அன்பின்பாற்பட்ட செயலே. எனினும், அங்கே கை உயர்ந்ததேயன்றி, நோயாளி அதனை உயர்த்தினாரல்லர். இயன்மருத்துவத்தில் நரம்புத்தசை ஊக்கமுறை எனக் கூறத்தக்க பயிற்சிமுறை இதற்கு மாறான வழியைக் கைக்கொள்கின்றது. அம்முறையில் இயன்மருத்துவரின் கை, நோயாளியின் அசைவுக்கு அளவறிந்து தடை செய்கின்றது. தடை எவ்வாறு உதவியாகும் என்பதை ஈண்டு நோக்குவோம்.

கண்ணை மூடியிருப்பினும் தன் கை எங்குளது, எவ்வளவு மடங்கியுளது என்பதை ஒருவன் அறிவான். தசைகளிலும் தசைநாண்களிலும் மூட்டுக்களிலும் அமைந்த நுண்ணிய உணர்கருவிகள் முண்ணாணுக்கும் மூளைக்கும் இடையறாது அனுப்பும் செய்திகளே அவ்வறிவுக்குக் காரணமாகும். இவ்வுணர்வுக்கு 1906 ஆம் ஆண்டிலே தனிப்பெயர் வழங்கியவர் ஆங்கில உடற்றொழிலியல் அறிஞர் சாள்ஸ் ஷெரிங்டன் ஆவார். மூட்டை மடக்கும் தசை சுருங்குங்கால் அதனை நீட்டும் தசை தளரும். ஒரு தசை சுருங்கி முடிந்ததும் அதன் எதிர்த்தசையின் செயல் வலுப்பெறும். முயற்சி மிகுந்தால் ஊக்கம் அயலிலுள்ள தசைகளுக்கும் பரவும். இவை அவர் விளக்கிய உண்மைகளுட் சில. நரம்பணுக்களின் தொழில் பற்றிய ஆய்வுக்காக 1932 இல் அவரும் ஏட்றியனும் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆய்வுகூடத்தில் அறியப்பட்ட இவ்வுண்மைகளை நோயாளியின் பயிற்சிக்குப் பயன்படுத்த முனைந்தவர் அமெரிக்க மருத்துவர் ஹேர்மன் கபாற். கப்பல் கட்டும் தொழிலாற் பெயர்பெற்ற ஹென்றி கைசரின் மகன், மல்ரிப்பிள் ஸ்கிளரோசிஸ் என்னும் நரம்பு நோயுற்று அவரிடம் சிகிச்சை பெற்றார். அத்தொடர்பின் பயனாக 1946 இல் வாஷிங்டன் நகரிற் கபாற்-கைசர் நிலையம் நிறுவப்பட்டது. பின்னர் கலிபோர்னியாவிலுள்ள வலேயோ நகரிலும் அப்பணி தொடர்ந்தது. அங்கே கபாற்றுடன் உழைத்து இம்முறையை வளர்த்தவர் இயன்மருத்துவர் மாகறெற் நொற். அவரும் டொறதி வொஸ்ஸும் எழுதிய நூல் 1956 இல் வெளிவந்தது.

இம்முறையின் முதற் சிறப்பு, அசைவுகள் மூலைவாட்டாகவும் சுழற்சியுடனும் அமைந்திருத்தலாகும். அன்றாட வாழ்வில் எவரும் கையை நேர்கோட்டில் மட்டும் அசைப்பதில்லை. வலக்கையாற் சால்வையை இடத்தோளிற் போடும்போது, கை கீழிருந்து மேலாக உடலைக் குறுக்கே கடந்து திரும்புகின்றது. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் யாவும் ஒருங்கே தொழிற்படுகின்றன. இத்தகைய கூட்டசைவுகளே பயிற்சிக்குரியனவாகத் தெரிந்தெடுக்கப்பட்டன. வலிமையுள்ள தசையின் முயற்சி வலிமையற்ற தசைக்கும் துணையாதல் இதன் கருத்தாகும்.

இரண்டாவது சிறப்பு, கை வைக்கும் முறையாகும். உறுப்பு எத்திசை நோக்கி அசைதல் வேண்டுமோ, அத்திசையை நோக்கிய பக்கத்திலேயே இயன்மருத்துவர் தம் கையை வைப்பார். விரல் நுனிகள் அழுந்தி நோவு தராதவாறு, உள்ளங்கையும் விரல்களின் உட்புறமும் பொருந்துமாறு பற்றுவார். அத்தொடுகையே செல்ல வேண்டிய திசையை நோயாளிக்கு உணர்த்தும். அசைவு தொடங்குமுன் தசையைச் சிறிது விரைந்து நீட்டுதல், மூட்டை மெல்ல இழுத்தல் அல்லது அழுத்துதல், “தள்ளுங்கள்”, “இழுங்கள்” எனச் சுருக்கமாகப் பணித்தல், நோயாளி தன் கையைக் கண்ணாற் பின்தொடரச் செய்தல் என்பனவும் உடன் நிகழும்.

தடையின் அளவே இங்கு முதன்மையானது. அசைவு நின்றுவிடுமளவுக்குத் தடுத்தலும், எதிர்ப்பே உணராதவாறு விட்டுவிடுதலும் பயன் தரா. அசைவு தடுமாற்றமின்றிச் செல்லத்தக்க அளவிற் கை நெகிழ்ந்தும் இறுகியும் கொடுக்க வேண்டும். மாணவனின் கணக்கைத் தாமே செய்து முடிக்காது, அவன் ஆற்றலுக்குச் சற்று மேலான வினாவை இடும் ஆசிரியரின் செயலுக்கு இஃது ஒப்பாகும். அசைவைத் தொடங்கவே இயலாதார்க்கு முதலில் இயன்மருத்துவரே உறுப்பை அசைத்துக் காட்டுவார். பின் நோயாளியும் உடன் முயல்வார். இறுதியிலேயே தடை இடப்படும்.

இறுகிய தசையைத் தளர்த்தற்கும் ஒரு வழியுண்டு. தொடையின் பின்புறத் தசை இறுகியிருப்பின், காலை இயன்றவரை உயர்த்தி, நோயாளி இயன்மருத்துவரின் கைக்கு எதிராகச் சில விநாடிகள் அழுத்துவார், பின் தளர்வார். அப்போது கால் முன்னிலும் சற்று உயரும். தசை அனிச்சையாகத் தளர்வதே இதன் காரணமென முன்னர்க் கூறப்பட்டது. நீட்சியைப் பொறுக்கும் ஆற்றல் மிகுதலே பெரிதும் காரணமாகலாம் எனப் பிற்கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். விளையாட்டு வீரர்களும் இப்பயிற்சியை மேற்கொள்கின்றனர்.

எனினும், இம்முறை ஒன்றே எல்லாம் செய்யுமெனக் கொள்ளலாகாது. பாரிசவாதமுற்றோரின் பயிற்சிமுறைகளைப் பற்றி 2014 இல் வெளிவந்த கொக்கிரேன் தொகுப்பாய்வு, இயன்மருத்துவப் பயிற்சி பயனளிக்கின்றது என்றும், எந்த ஒரு தனிமுறையும் ஏனையவற்றிலும் மேம்பட்டதாக நிறுவப்படவில்லை என்றும் முடிவு கூறியது. ஆகவே, எழுதல், நடத்தல், உண்ணல் முதலிய செயல்களையே பன்முறை செய்து பழகுதலும் இன்றியமையாததாகும். எலும்பு முறிந்து பொருந்தாத இடத்திலே தடை தருதல் கேடு விளைக்கும். மூச்சை அடக்கி முயலுதல் இரத்த அழுத்தம் மிகுந்தோர்க்கு ஆகாது.

ஆதலின், இப்பயிற்சியை வீட்டார் தாமாகவே தொடங்குதல் தகாது. இயன்மருத்துவர் காட்டிய அளவிலேயே செய்தல் வேண்டும். ஆயின், இதன் அடிப்படைக் கருத்தை வீட்டார் யாவரும் கைக்கொள்ளலாம். நோயாளி சட்டையின் பொத்தானைப் பூட்ட முயலுங்கால் உடனே கைநீட்டாது, அவர் முயல்வதற்குக் காலம் கொடுத்தலும், இயலாத பகுதிக்கு மட்டும் துணைசெய்தலும் அவர்தம் கடமையாகும்.