மருந்து அலமாரியின் சாவி

ஆபரேஷன் முடிந்து வந்த நோயாளி வலி தாங்காமல் முனகுகிறார். மார்பின் ஊசி போடும்படி டாக்டர் எழுதி வைத்திருக்கிறார். அருகிலேயே நர்ஸ் நிற்கிறாள். பல வருஷ அனுபவம் உள்ளவள். ஆனால் அந்த ஊசியை அவள் தொடக் கூடாது! மருந்து அலமாரி அவளுக்குத் திறக்காது. வேறொரு நர்ஸைத்தான் அழைத்து வர வேண்டும்.

காரணம்? அவளுடைய லைசென்ஸில் நிபந்தனை இருக்கிறது.

அமெரிக்காவில் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு, மறுபடி வேலைக்கு வரும் நர்ஸின் நிலை பெரும்பாலும் இதுதான்.

பழக்கம் எப்படி வருகிறது?

நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகு வலி. இரவு டியூட்டியால் தூக்கமின்மை. மருந்தோ எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில்! நோயாளிக்குப் போட்டது போக மிஞ்சிய மருந்தை, சாட்சி ஒருவர் முன்னிலையில் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. அந்த மிச்சத்தில்தான் சிலருடைய சறுக்கல் ஆரம்பமாகிறது.

முன்பெல்லாம் அகப்பட்டால் வேலை போகும், லைசென்ஸும் போகும். அதனால் நடந்தது என்ன? "பாவம், பிழைப்புப் போய்விடுமே!" என்று கூட வேலை செய்கிறவர்கள் மூடி மறைத்தார்கள். சேர வேண்டிய மருந்து சேராமல் நோயாளிதான் அவதிப்பட்டார்.

1982ல் அமெரிக்க நர்ஸுகள் சங்கம் இந்த விஷயத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. தண்டிப்பதற்கு முன் சிகிச்சைக்கு வழி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே புளோரிடா மாநிலம் அதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் இத்தகைய ஏற்பாடு உண்டு.

கசகசாவுக்கும் தடை!

திட்டத்தில் சேர்ந்தவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. பொதுவாக மூன்று முதல் ஐந்து வருஷம் கண்காணிப்பு. தினமும் தொடர்பு கொண்டு, "இன்று எனக்குப் பரிசோதனை உண்டா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உண்டு என்றால் அன்றே போய்ச் சிறுநீர் கொடுத்தாக வேண்டும். செலவு பெரும்பாலும் அவள் தலையில்தான். கசகசா சேர்ந்த பண்டம் கூடாது; அபினிச் செடியின் விதை அல்லவா அது? சோதனையில் அபினி தின்றதுபோலக் காட்டிவிடும்! சாராயம் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தும் ஆகாது.

இரவு டியூட்டி, ஓவர்டைம், வீடு தேடிப் போய்ச் செய்யும் பணிவிடை இவற்றுக்கும் பெரும்பாலும் தடைதான். அவள் வேலையைப் பற்றி மேலதிகாரி அவ்வப்போது அறிக்கை அனுப்ப வேண்டும். இத்தனை கட்டுப்பாடுகளோடு வருகிறவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? தானே முன்வந்து ஒப்புக்கொண்டவரின் விவகாரத்தைப் பல மாநிலங்கள் ரகசியமாக வைக்கின்றன. ஆனால் நர்ஸிங் போர்டு நடவடிக்கை எடுத்து நிபந்தனை விதித்தாலோ, இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்துக்கொள்ளலாம். வேலை தேடி ஏறும் படியெல்லாம் தன் தவற்றைத் தானே சொல்லியாக வேண்டும்.

"திருந்தி வந்தவளை ஏன் இப்படி வாட்டுகிறார்கள்?" என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் லைசென்ஸ் என்பது நர்ஸுக்குக் கொடுத்த பரிசல்ல. நோயாளிக்குக் கொடுத்த வாக்குறுதி. படுக்கையில் கிடப்பவரால் யாரையும் சோதித்துப் பார்க்க முடியாதே!

சக நர்ஸின் கஷ்டத்தையும் மறக்கக் கூடாது. இவள் நோயாளிக்கும் சேர்த்து அவள் ஊசி போட வேண்டும். அதற்கு ஈடாக இவள் படுக்கை மாற்றலாம், புண்ணுக்குக் கட்டுப் போடலாம். முணுமுணுப்பு இல்லாத வார்டில்தான் இந்த ஏற்பாடு நிலைக்கும்.

ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஒழுங்காகக் கழிந்தால், சாவி திரும்பக் கிடைக்க வழி உண்டு. பரிசோதனை மட்டும் தொடரும். அலமாரி மறுபடி திறக்கும் அந்த நாளில், நோயாளியின் முனகலுக்கு அவளே பதில் சொல்லலாம். மிஞ்சிய மருந்தைக் கொட்டும்போது, பக்கத்தில் ஒரு சாட்சி நிற்பார். இம்முறை அந்தச் சாட்சி அவளுக்குத் துணை.