துறவி துறவாத யாழ்

இலங்கை அரசு வெளியிட்ட சுவாமி விபுலாநந்தர் தபால் முத்திரையொன்று என் பழைய அகராதியினுள்ளே கிடக்கின்றது. காணுந்தோறும் ஒரு வினா எழும்: காரைதீவு மயில்வாகனனார் 1924இல் துறவு பூண்டு இயற்பெயரையும் நீத்தார், யாழை மட்டும் ஏன் நீத்திலர்?

வழக்கொழிந்த அக்கருவியைச் சிலப்பதிகார அரங்கேற்று காதையின் துணைகொண்டு தேடினார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியல்லவா! பழம் பண்களின் சுருதிகளைக் கணிதத்தால் அளந்தார். ஆண்டுகள் பல கழிந்தன, உடலும் நலிந்தது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானதையே நாம் பெரிதாகப் பேசுகின்றோம். அவர் உள்ளமோ யாழின் நரம்புகளிலேயே இருந்ததென்பது என் துணிபு.

1947 யூனில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் ‘யாழ்நூல்’ அரங்கேறியது. யூலை 19இல் சுவாமிகள் மறைந்தார்.

அந்நூலின் கணிதப் பகுதியில் நான் இருமுறை இடைவழியே நின்றுவிட்டேன். இவ்விடுமுறையில் இசையாசிரியர் ஒருவரைத் துணைக்கழைத்து மீண்டும் தொடங்கியிருக்கின்றேன்.