காகத்தின் ஒன்றுவிட்ட உறவு

வெள்ளவத்தைக் கடலோரத் தண்டவாளத்தில் தத்தித் திரியும் காகத்தின் கழுத்து முள்ளென்புகளிற் காற்றறைகள் உண்டு. அத்தகைய காற்றறைகள் பொருந்திய பழங்கால முள்ளென்புகள் சில இந்தியாவின் ஜபல்பூரில், பாரா சிம்லாக் குன்றில் அகப்பட்டன. அவற்றுக்குரிய பிராணிக்கு ஹூனே, மட்லி என்னும் அறிஞர்கள் 1933இல் 'லேவிசூக்கஸ்' எனப் பெயரிட்டனர். 'இலேசான முதலை' என்பது பொருள். பெயரை நம்பிவிடலாகாது, அது பின்னங்கால்களால் நடந்த சிறிய ஊனுண்ணி டைனோசர்.

நேயர்களே, இதுவோ பறவையின் மூதாதை? அன்று. இது வாழ்ந்தது ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். ஆதிப்பறவையாகிய ஆர்க்கியோப்டெரிக்ஸோ 15 கோடி ஆண்டுப் பழமையது. பேரனுக்குப் பின் பாட்டன் பிறத்தல் எங்ஙனம்? கூர்ப்பு நெறியில் இரண்டும் ஒரே குடியிற் பிரிந்த இரு கிளைகள். ஆகவே காற்றறை பறத்தலுக்கென எழுந்ததன்று. பறவை தோன்றுமுன்னரே, தரையில் இரை தேடிய பொது மூதாதையரிடம் அது இருந்திருத்தல் வேண்டும்.