ஏர்கன் ரவையின் எடையும் சுருள்வில்லின் ஆயுளும்

சோளமும் கம்பும் பால் பிடிக்கும் பருவத்தில் கிளி, குருவி விரட்ட ஏர்கன்னை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகும் உழவர்கள் உண்டு. சத்தம் கேட்டால் போதும் என்று ரவை போடாமலேயே மடக்கி மடக்கி அடிப்பார்கள். என் தகப்பனாரும் அப்படித்தான் செய்தார். இரண்டாம் போகத்திலேயே சுருள்வில் ஒடிந்துவிட்டது. துப்பாக்கி மட்டம் என்று கடைக்காரரைக் குறை சொன்னோம். தவறு எங்களுடையது என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது.

குழலை மடக்கும்போது உள்ளிருக்கும் வில் அமுங்கி, பிஸ்டன் பின்னே போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் வில் விரிந்து பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. முன்னாலுள்ள காற்று இறுகிச் சிறு துளை வழியே ரவையின் முதுகைத் தாக்குகிறது. ரவை குழலில் இறுக்கமாக அமர்ந்திருப்பதால் உடனே நகர்வதில்லை. பிஸ்டன் தன் ஓட்டத்தை முடிக்கும் தறுவாயில்தான் கிளம்புகிறது. அதுவரை இறுகி நிற்கும் காற்றுதான் பிஸ்டனுக்கு மெத்தை. இவ்வளவும் கண் இமைப்பதற்குள் நடந்து முடிகிறது.

உங்கள் வீட்டுச் சைக்கிள் பம்பைக் கொண்டே இதைச் சோதிக்கலாம். வாயைத் திறந்துவிட்டு ஓங்கி அழுத்தினால் கைப்பிடி அடியில் போய் மடாரென்று மோதும். பெருவிரலால் நன்றாக அடைத்துக்கொண்டு அழுத்தினால் எதிர்த்துத் தள்ளும். விரலைச் சற்றே தளர்த்தினால் மெத்தென்று போய் அமரும். ஏர்கன்னில் ரவைதான் அந்த விரல்.

ரவையே இல்லாவிட்டால் மெத்தையும் இல்லை. பிஸ்டன் உருளையின் முகப்பில் முழு வேகத்தில் மோதுகிறது. வாசர் நசுங்குகிறது, வில் அதிர்ந்து நாளடைவில் ஒடிகிறது. 0.32 கிராம் அளவுள்ள மிக லேசான ரவை சீக்கிரமே ஓடிவிடுவதால் ஏறக்குறைய இதே கேடுதான். 0.68 கிராம் போன்ற கனத்த ரவையோ தாமதித்துக் கிளம்பும். அதற்குள் காற்றழுத்தம் மிகுந்து பிஸ்டனைப் பின்னுக்கு எற்றிவிடும். அது மறுபடி முன்னே வந்து விழும். வில்லுக்கு இரட்டை வேலை, ரவைக்கும் வேகம் குறைவு. இவற்றில் மிகக் கொடியது எது என்றால், வெற்றடி என்றே நான் சொல்வேன்.

வீடுகளில் பெரும்பாலும் உள்ள 4.5 மி.மீ. துப்பாக்கிக்கு 0.45 முதல் 0.55 கிராம் வரையுள்ள ஈய ரவை பொருந்தும். ஒற்றை ரவையை எடை போட முடியாதே என்று தயங்க வேண்டாம். 100 ரவைகளை எண்ணி நகைக்கடைத் தராசில் வையுங்கள். 50 கிராமை ஒட்டி நின்றால் சரி. எடை சரியாக இருந்தாலும் பொருத்தம் தவறக் கூடாது. பெருவிரலால் சற்று அழுத்தித்தான் ரவை உள்ளே போக வேண்டும். தானாகவே நழுவி விழுந்தால் காற்று பக்கவாட்டில் கசிந்து, லேசான ரவை செய்யும் கேட்டையே செய்யும்.

இன்னொரு பழக்கம் எண்ணெய் ஊற்றுவது. டீசல் எஞ்சினுக்குள் இறுகிச் சூடேறிய காற்றில் எண்ணெய் தீப்பற்றுவதைப் பம்புசெட் வைத்திருப்பவர்கள் அறிவார்கள். ஏர்கன் உருளையிலும் அதுவே நேரும். படீரென்று சத்தமும் புகையும் வந்தால் துப்பாக்கிக்கு வேகம் கூடிவிட்டதென்று மகிழ்கிறார்கள். உண்மையில் அந்த வெடிப்பு பிஸ்டனைப் பின்னால் எறிந்து வில்லை முறிக்கிறது. தேங்காய் எண்ணெயோ எஞ்சின் எண்ணெயோ துளைக்குள் விடாதீர்கள். மடக்கிய நிலையில் இரவெல்லாம் சாத்தி வைப்பதும் வில்லைத் தளர்த்தும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அதைவிடப் பெரிய ஆபத்து.

சரி, ரவை போட்டே பறவை விரட்டலாமா? கூடாது. கிளியும் மயிலும் 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. குறி தவறிய ரவை பக்கத்துக் காட்டில் களை எடுப்பவரின் கண்ணையும் பறிக்கக்கூடும். கதிர் முற்றும் வரை தகர டப்பாவும், காற்றில் மினுங்கும் நாடாவும், பரண் மேல் ஓர் ஆளும் போதும். எங்கள் வீட்டு ஏர்கன்னுக்குப் புது வில்லும் புது வாசரும் போட்டோம். இப்போது அது வைக்கோல் கட்டின் முன் மாட்டிய அட்டையைக் குறி பார்க்க மட்டுமே வெளியே வருகிறது.