கையைப் பிடிச்சு இழுத்தா... அதுக்குப் பேரு புக்கிங்!

நம்ம ஊரில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தால் என்ன நடக்கும்? பஞ்சாயத்து கூடும். ஆலமரம், சொம்பு, ஜமக்காளம், நாட்டாமை என்று சகலமும் வந்து இறங்கும். தென்கொரியாவின் தலைநகரமான சியோலில் சனிக்கிழமை ராத்திரி ஆனால் போதும்... ஒவ்வொரு நைட்கிளப்பிலும் பெண்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பஞ்சாயத்தெல்லாம் கிடையாது. இழுத்தவருக்கு டிப்ஸ் கொடுத்தார்கள்!

காட்சி இப்படி இருக்கும். கனடாவிலிருந்து இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு வந்த ஒரு பெண். வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. கூட வேலை பார்க்கும் கொரியப் பெண்கள், ‘வா, நைட் போகலாம்’ என்று கூப்பிட, இவளும் நாலு பாட்டுக்கு ஆடிவிட்டு வரலாம் என்று கிளம்பிவிட்டாள். பெரிய ஹால். மேடை, கலர் விளக்கு, காது கிழியும் பாட்டு. உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கறுப்பு கோட்டும் கழுத்தில் ‘போ’வுமாக ஒரு இளைஞர் வந்தார். ‘வணக்கம்’ இல்லை, ‘எக்ஸ்கியூஸ்மீ’ இல்லை. இவள் மணிக்கட்டைப் பிடித்தார். எழுப்பினார். இருட்டில் இழுத்துக்கொண்டே போய், முன்பின் தெரியாத நாலு ஆண்கள் உட்கார்ந்திருந்த மேஜையில் ஒருவர் பக்கத்தில் உட்கார வைத்தார். மறைந்துவிட்டார்!

அவள் ஊராக இருந்தால் போலீஸுக்குப் போன் போயிருக்கும். இங்கேயோ, கூட வந்த தோழிகள் சிரித்துக்கொண்டே ‘போ, போ’ என்று கையாட்டுகிறார்கள்.

இதற்குப் பெயர்தான் ‘புக்கிங்’. இழுத்துப் போனவர் ரவுடி இல்லை. வெயிட்டர்! தட்டு தூக்குவது அவருக்கு சைடு பிசினஸ். மெயின் பிசினஸ், தரகு.

கொரியாவில் இந்த இங்கிலீஷ் வார்த்தைகளே வெளிநாட்டுக்காரர்களுக்கு வைத்த கண்ணிவெடி. ‘நைட்’ என்றால் ராத்திரி அல்ல. இப்படி வெயிட்டர் ஜோடி சேர்த்துவைக்கும் நைட்கிளப். சும்மா போய் ஆடிவிட்டு வரும் இடத்துக்குப் பெயர் ‘கிளப்’. ஹோங்டே மாதிரி காலேஜ் ஏரியாக்களில் இருப்பவை அவை. ‘மீட்டிங்’ என்றால் ஆபீஸ் கூட்டம் இல்லை. நாலு பையன்களும் நாலு பெண்களும் கூடி உட்கார்ந்து, ஜோடி அமைகிறதா என்று பார்ப்பது. ‘ஹன்டிங்’ என்றால் வேட்டை இல்லை. தெரியாத பெண்ணிடம் தானே போய்ப் பேச்சுக் கொடுப்பது. ‘சர்வீஸ்’ என்றால் காசில்லாமல் வரும் பழத்தட்டு. ‘ஒன் ஷாட்’ என்றால் கிளாஸை ஒரே மூச்சில் காலி பண்ணு என்று அர்த்தம். இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வந்த டீச்சரம்மாவுக்கு முதல் பாடமே இங்கிலீஷில்தான்!

சரி, கொரியர்களுக்கு எதற்கு இந்த வெயிட்டர்? நேரே போய்ப் பேசினால் என்ன?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கொரிய மொழியில் எதிரே இருப்பவர் பெரியவரா, சின்னவரா என்று தெரியாமல் ஒரு வாக்கியத்தைக்கூட நிம்மதியாக முடிக்க முடியாது. நமக்கு ‘நீ’, ‘நீங்க’ என்று இரண்டோடு போச்சு. அவர்களுக்கு மரியாதையில் பல படி. வினைச்சொல்லின் வாலே மாறும். அறிமுகம் செய்துவைக்க நடுவில் ஒரு ஆள் இல்லாமல் அந்நியர்கள் பேசத் தயங்கும் சமூகம் அது. பழைய நாளில் இதற்குக் கல்யாணத் தரகர்கள் இருந்தார்கள். ‘நல்ல சம்பந்தம் முடித்தால் மூணு கோப்பை சாராயம், கெட்டதை முடித்தால் மூணு அறை’ என்று அவர்களைப் பற்றிப் பழமொழியே உண்டு. ஹோட்டல் காபி லவுஞ்சில் பெண்ணும் பிள்ளையும் பார்த்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. நம்ம பெண் பார்க்கும் படலம்தான். பஜ்ஜி-சொஜ்ஜிக்குப் பதில் காபி, அவ்வளவுதான் வித்தியாசம்.

1945 முதல் 1982 ஜனவரி வரை சியோலில் ராத்திரி ஊரடங்கு. ராத்திரி வாழ்க்கை என்று பெரிதாக எதுவும் வளர இடமில்லை. ஊரடங்கை எடுத்தார்கள். 1988-ல் ஒலிம்பிக்ஸ் வந்தது. கையில் காசும் புழங்கியது. நைட்கிளப்புகள் பெருகின. பழைய தரகர் கோட் மாட்டிக்கொண்டு வெயிட்டராக மறுபிறவி எடுத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த வெயிட்டர்கள் சாமான்யப்பட்டவர்கள் இல்லை, ஸார். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜில் சினிமா நட்சத்திரம், கால்பந்து வீரர், கார்ட்டூன் பாத்திரம் என்று ஏதாவது பட்டப்பெயர். நம்ம ஊராக இருந்தால் ‘இந்த டேபிளுக்கு ரஜினியைக் கூப்பிடு, கபில்தேவ் லீவா?’ என்று கேட்டுக்கொண்டிருப்போம். விசிட்டிங் கார்டு, தெருவில் போஸ்டர், போன் நம்பர் எல்லாம் உண்டு. ரெகுலராக வரும் பெண்களை ‘நூனா’ என்பார்கள். அதாவது, அக்கா! வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவுக்குப் போனில் மெசேஜ் வரும்: ‘இன்னிக்கு தண்ணி நல்லா இருக்கு, வாங்க.’

அவசரப்பட்டு வேறு அர்த்தம் பண்ணாதீர்கள். அது அந்தத் தண்ணி இல்லை. வந்திருக்கும் கூட்டம் பார்க்க லட்சணமாக இருந்தால் ‘தண்ணி நல்லா இருக்கு’ என்பது அங்கே பேச்சு வழக்கு. வாசலிலேயே முகம், வயசு, உடுப்பு பார்த்துச் சிலரைத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பெயர் ‘தண்ணி பராமரிப்பு’. (நம்ம கார்ப்பரேஷன்கூட இவ்வளவு அக்கறையாகத் தண்ணீரைப் பராமரித்ததில்லை!) இந்தப் பராமரிப்பில் அடிபட்டவர்களில் வெளிநாட்டுக்காரர்களும் உண்டு. ‘ஃபாரினர் கிடையாது’ என்று வாசலிலேயே சொல்லிவிடும் இடங்கள் இருந்தன. தோல் கறுத்தவர்களுக்கு அந்தக் கதவு இன்னும் கனம்.

கணக்கு எளிது. பெண்களுக்கு நுழைவு சும்மா, அல்லது சொற்பக் காசு. செலவெல்லாம் ஆண்கள் தலையில். மேஜை எடுத்தால் பீரும் தொட்டுக்கொள்ளப் பழமும். தனி ரூம் எடுத்தால் விஸ்கி, பில் சில லட்சம் வோன். (லட்சம் என்றதும் மயங்காதீர்கள், ஒரு லட்சம் வோன் நம்ம காசுக்குச் சுமார் 6,000 ரூபாய்.) பொதுவாக டிப்ஸ் கொடுக்கும் பழக்கமே இல்லாத நாடு கொரியா. ஆனால், நைட்டில் மட்டும் வெயிட்டர் கையில் நோட்டு திணிக்கப்படும். நோட்டு கனத்தால் புக்கிங் வேகமாக நடக்கும். ஒருத்தி எழுந்து போன சூடு ஆறுவதற்குள் அடுத்தவள் வந்து உட்காருவாள்.

உட்கார்ந்ததும் கேள்வி ஆரம்பம். ‘எந்த வருஷம் பிறந்தீங்க?’ வெள்ளைக்காரப் பெண்ணிடம் வயசு கேட்பது மகாபாவம். கொரியாவிலோ கேட்காவிட்டால் பேச்சே நகராது. வருஷத்தோடு எலி, புலி, முயல் என்று 12 மிருகங்களில் நீ எந்த மிருகம் என்றும் கேட்பார்கள். அடுத்து, ‘உங்க பிளட் குரூப் என்ன?’ பயந்துவிடாதீர்கள், ரத்தம் எடுக்கமாட்டார்கள். ரத்த குரூப்பை வைத்துக் குணம் சொல்லும் நம்பிக்கை அங்கே ரொம்பப் பிரசித்தம். நமக்கு ராசி, அவர்களுக்கு ரத்தம்! கொரியர்களுக்குள் என்றால் இன்னொரு கேள்வியும் விழும்: ‘நீங்க எந்த ஊர் கிம்?’ நாட்டில் ஐந்தில் ஒருவர் கிம். ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீகமும் இருந்தால், 1997-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் தடுக்கும்வரை சட்டப்படி கல்யாணமே செய்துகொள்ள முடியாது. 2005-ல்தான் அந்தத் தடையைச் சட்டப் புத்தகத்திலிருந்தே எடுத்தார்கள். கோத்திரம் பார்க்கிற நமக்கு இது புரியும். கனடாக்காரிக்குப் புரியுமா?

இந்த மொத்த நாடகத்தின் சூட்சுமமே அந்த மணிக்கட்டில்தான் இருக்கிறது. நல்ல குடும்பத்துப் பெண் தானாக எழுந்து போய் ஆண்கள் மேஜையில் உட்காரக் கூடாது. ஆனால், ஆவல் இருக்கிறது. வெயிட்டர் இழுத்தால்? ‘நான் போகலைப்பா, அவன்தான் இழுத்துட்டுப் போனான்!’ கௌரவமும் பத்திரம், ஆவலும் தீர்ந்தது. அதனால் கொஞ்சம் முரண்டு பிடிப்பது மரபு. ஆசையை மறைத்துக்கொண்டு வேண்டாம் என்பதற்குக் கொரிய மொழியில் ‘நேசுங்’ என்று தனிச் சொல்லே இருக்கிறது. உட்கார்ந்த பிறகு பிடிக்கவில்லையா? ஒரு வாய் குடித்துவிட்டு, ‘ஃப்ரெண்ட்ஸ் காத்திருக்காங்க’ என்று இரண்டே நிமிஷத்தில் எழுந்து வந்துவிடலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். விவரமான கொரியப் பெண்கள் ஒரே ராத்திரியில் பத்து மேஜை பார்த்துவிட்டு, வயிறார ஓசிப் பழமும் சாப்பிட்டுவிட்டு, தங்கள் இடத்துக்குத் திரும்பித் தோழிகளோடு சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த எழுதாத சட்டம் எதுவும் வெளிநாட்டுப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் நிஜமாகவே கையை உதறுவாள். வெயிட்டருக்கோ, ‘ஓஹோ, இந்த அம்மாவும் நல்லாவே நேசுங் பண்ணுது!’ இன்னும் இறுக்கிப் பிடிப்பார். அல்லது இதற்கு நேர் எதிரான தப்பு நடக்கும். காசு செலவழித்திருக்கிறார்களே, உடனே எழுந்து போனால் மரியாதையாக இருக்காதே என்று பாவம், பிடிக்காத இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். ஊற்றியதை மிச்சம் வைப்பது நாகரிகமில்லை என்று குடித்து முடிப்பாள். கொரிய வழக்கப்படி காலி கிளாஸைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் உடனே நிரப்ப வேண்டும். தனக்குத் தானே ஊற்றிக்கொள்வது அழகில்லை. காலியாகாத கிளாஸில் ஊற்றமாட்டார்கள். ஆக, இவள் மரியாதைக்காகக் காலி பண்ண, அவர்கள் மரியாதைக்காக நிரப்ப... இரண்டு மரியாதைக்கும் நடுவில் மாட்டித் தலைசுற்றிப் போனவர்கள் எத்தனையோ பேர். நாலு தடவை போய்ப் பழகிய டீச்சர்கள் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் வித்தை இதுதான்: கிளாஸில் பாதியை எப்போதும் மிச்சம் வை!

இந்த வழக்கத்தை ‘அவங்க கலாசாரம்’ என்று முழுசாக நியாயப்படுத்த எனக்கு மனசு வரவில்லை. ‘வேண்டாம்’ என்பது விளையாட்டின் ஒரு பகுதி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டால், நிஜமாகவே வேண்டாம் என்பவள் அதை எந்த மொழியில் சொல்வாள்? இது கனடாக்காரியின் பிரச்னை மட்டுமில்லை. கொரியப் பெண்களுக்கும் மணிக்கட்டு வலித்திருக்கிறது. அவர்கள் வாய்விட்டுச் சொல்ல நாளாகியது, அவ்வளவுதான். 2018 ஜனவரியில் ஸொ ஜி-ஹ்யோன் என்ற பெண் அரசு வழக்கறிஞர், தன் மேலதிகாரி ஒருவர் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தை டி.வி-யில் வந்து சொன்னபோது நாடே அதிர்ந்தது. அடுத்த வருஷமே, 2019-ல், கங்னம் பகுதியின் ‘பர்னிங் சன்’ கிளப் விவகாரம் வெடித்தது. வெயிட்டர் புக்கிங் நடக்கும் பழைய மாதிரி நைட் இல்லை அது. பகட்டான புது கிளப். பெண்களின் பானத்தில் மயக்க மருந்து கலந்த புகார், பாலியல் குற்றம், போலீஸோடு கள்ள உறவு என்று தோண்டத் தோண்டப் பூதம் கிளம்பியது. ஒரு கிளாஸ் பீரை நம்பிக் கையில் வாங்கலாமா என்பதே கேள்வியாகிப் போனது.

அதற்குள் பழைய நைட்டுகளுக்கும் வயசாகிவிட்டது. இளவட்டங்கள் ஹோங்டே கிளப்புகளுக்கும், மேஜை விட்டு மேஜை தாங்களே போய்ப் பேசும் ‘ஹன்டிங்’ சாராயக் கடைகளுக்கும், போன் ஆப்புகளுக்கும் போய்விட்டார்கள். 2020 மே மாதம் இட்டேவோன் கிளப்புகளில் கொரோனா பரவி, சியோல் முழுக்கக் கிளப்புகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். மிச்சமிருக்கும் நைட்டுகளில் வரும் கூட்டம் பெரும்பாலும் முப்பது, நாற்பதைத் தாண்டியவர்கள்.

கொரியாவுக்கு வேலைக்கோ படிக்கவோ போகும் பெண்கள் தெரிந்து வைத்துக்கொள்ள நாலு விஷயம். தனியாகப் போகாதீர்கள். மொழி தெரிந்த ஒரு தோழியாவது கூட இருக்கட்டும். கிளம்புமுன், ‘மூக்கைத் தொட்டால் வந்து கூட்டிட்டுப் போயிடு’ என்கிற மாதிரி ஒரு ஜாடை பேசி வையுங்கள். உங்கள் கிளாஸ் உங்கள் கண்ணெதிரேயே இருக்கட்டும். ‘சிரோயோ’ என்றால் ‘பிடிக்கலை’. ஆனால், அதைச் சிணுங்கலாகவும் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ‘ஹாஜி மாசேயோ’ என்றால் ‘செய்யாதீங்க’. சிரிக்காமல், குரலை உயர்த்திச் சொல்லுங்கள். நாம் சங்கடத்தில் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரிப்போமே, அதுதான் அங்கே பெரிய வினை. போலீஸ் நம்பர் 112. வெளிநாட்டுப் பெண்களுக்காகப் பல மொழிகளில் பேசும் உதவி எண் 1577-1366.

இதெல்லாம் இருக்க, வயசான நைட்டுகளில் பிழைப்பு நடத்தும் சில வெயிட்டர்கள் இப்போது இழுக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டுவிட்டார்கள். மேஜைப் பக்கம் குனிந்து, இரண்டு கையாலும் விசிட்டிங் கார்டை நீட்டிவிட்டு, ‘நூனா... அஞ்சே நிமிஷம், ஒருதரம் உட்கார்ந்து பாருங்களேன்?’ என்று கேட்கிறார்கள்.